ஒரு மூடி நல்ல தண்ணீர்

மகளே, இப்போது நான் உனக்குச் சொல்லப்போவது யாருமே நம்பாத ஒரு கதை. செந்துறை வட்டத்தில் இருக்கிற மனிதர்கள் நம்பமாட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்கள் நம்பமாட்டா, என் கடையின் தராசுகூட நம்பாமல் ஒரு பக்கமாகச் சாயும். இதைக் கிழக்கு பார்த்து நின்று, நெஞ்சில் கை வைத்து, சாட்சிக்கு இரண்டு மூட்டை யூரியாவை நிறுத்தி, உறுதிமொழியாகச் சொல்கிறேன். நாளை மறுநாள் நீ பெரம்பலூரில் சென்னை பஸ் ஏறுகிறாய். அங்கிருந்து கப்பல், அங்கிருந்து அந்தமான். என் வம்சத்தில் கடலைத் தாண்டிப்போகும் முதல் ஆள் நீதான். எனக்கு முன்னால் நாற்பது தலைமுறையும் கொள்ளிடத்தைத் தாண்டவே நல்ல நாள் பார்த்தது. வாயால் சொல்லலாம் என்று நான்கு நாளாக உன் பின்னாலேயே சுற்றினேன். நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "என்னப்பா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல, பாப்பா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் பெட்டியின் அடியில், துண்டுக்குக் கீழே வைப்பேன். கப்பலில் குமட்டல் நின்ற பிறகு படி.

வாயால் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நம் வீட்டில் உன் அம்மா போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கையில் நான் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, ஆதனக்குறிச்சி ரோட்டில் முப்பது அடிப் பாம்பு ஒன்று என் மொபெட்டை ஓவர்டேக் செய்தது என்றேன். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். உன் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அப்பா சொல்றத பத்தால வகுத்துக்க பாப்பா. மூணடி." நீ விரல் விட்டு எண்ணி, "ஆமாம்மா, மூணடி" என்றாய். உனக்கு வகுத்தல் கணக்கு வந்ததே என் வாயால்தான். பள்ளிக்கூடம் அதற்குப் பெயர் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் உங்கள் இருவர் முகத்திலும் அந்தக் கணக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசி வருகிறேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. உண்மைக்குக் கொஞ்சம் உரம் போடுகிறவன். தொழில் அது. ஆனால் வகுத்துப் பழகிய காதுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டி வந்தால் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தொழிலைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ கடைக்குள் உட்கார்ந்து பார்த்தாய், நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன். உரக்கடை என்று பெயர்ப்பலகையில் இருக்கிறது. உண்மையில் அது ஒரு அரண்மனை, நான் அதன் பூச்சிமருந்துச் சக்கரவர்த்தி. காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் கையில் மக்காச்சோளக் குருத்து, ஒருவர் கையில் பருத்தி இலை, ஒருவர் பாலிதீன் பையில் ஏதோ நெளியும். "மாமா, இது என்ன பூச்சி?" என்பார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்களும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு பெயரைச் சொல்வேன். ஒருநாளும் "தெரியல" என்று சொன்னதில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பெயர் தெரியாத பூச்சிக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் இன்றைக்கும் 'கருங்கால் வாடல் பூச்சி' என்று ஒன்றைச் சொல்கிறார்கள் அல்லவா, அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஒரு புதன்கிழமை அவசரத்தில் பிறந்தது அது.

நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு மாலை கடைக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். குன்னம் பக்கத்துக்காரர் ஒருவர் அவரைக்கொடி இலையைக் கொண்டுவந்தார். இலை முழுக்கச் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பேன், நடுவே முதுகில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த முள்முள்ளான புழு ஒன்று. நான் அந்தப் புழுவைக் காட்டி, இதுதான் ராட்சசன், ஒரே இரவில் ஒரு ஏக்கரைத் தின்றுவிடும் என்று சொல்லி மருந்தை எடுத்து வைத்தேன். நீ நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, அது பொறிவண்டோட குஞ்சு. அசுவினியத் தின்னுறது. அது நல்லதுப்பா" என்றாய். அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "என்ன மாமா, பாப்பா வேற மாதிரி சொல்லுது?" "அது பரீட்சைக்குப் படிக்குது, நாம வெள்ளாமைக்குப் படிச்சவங்க, நீங்க கொண்டு போங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார். பத்து நாளில் அசுவினி மூன்று மடங்காகத் திரும்ப வந்தது. அதற்கும் என்னிடமே மருந்து வாங்கினார். நீ அன்றைக்கே நோட்டை மூடிப் பையில் வைத்தாய். அதற்குப் பிறகு கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதவே இல்லை. இடம் போதவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். நம் கடையில் லாரி நிறுத்தலாம்.

அரியலூருக்குப் போகும் வழியில் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளத்துக்கு ஒருமுறை உன்னைக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? மழை பெய்து நின்ற மறுநாள். நீ வரப்பிலிருந்து சுருள்சுருளான கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். நான் அது என் கொள்ளுப்பாட்டன் கல்யாணத்தில் மிஞ்சிப்போன ஜிலேபி என்றேன். நீ பத்தால் வகுத்துப் பார்த்தாய், வகுக்க முடியாமல் டீச்சரிடம் போய்க் கேட்டாய். இந்த ஊரெல்லாம் ஒரு காலத்தில் கடல், அது கடல் பிராணியின் ஓடு, கல்லாகிவிட்டது என்று டீச்சர் சொன்னார். என் கதையைவிட அது பெரிய கதை. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கே பொறாமை வந்தது. அன்று சாப்பிடும்போது நீ கேட்டாய், "ஓடு இருந்ததெல்லாம் கல்லாயிடுச்சு. ஓடு இல்லாததெல்லாம் எங்கப்பா?" நான் பஸ் பிடித்து வேளாங்கண்ணி போய்விட்டன என்றேன். நீ சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அந்தக் கேள்வியிலேயே உன் வேலை ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நீ கடைசியில் எடுத்துப் படித்தது அந்த ஓடில்லாத சாதியைத்தான். கடல் நத்தை, ஆனால் முதுகில் ஓடு கிடையாது. வெப்பக் கடலோரத்துப் பாறைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், நிறமோ தீபாவளிக்கு எடுத்த சேலை போல. "கடல் அட்டையா பாப்பா?" என்று நான் கேட்டால், "அட்டை வேறப்பா, இது வேற" என்று நூறு முறை சொல்லியிருக்கிறாய். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் என் பங்குக்கு விளக்கம் கொடுத்தேன். என் மகள் கடலுக்குள் இறங்கினால் திமிங்கிலங்கள் எழுந்து நின்று ஆதார் கார்டைக் காட்டும் என்றேன். அந்த நத்தைகள் ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும் என்று நீ சொன்னதை உன் அம்மாவிடம் சொன்னேன். "அதுங்களுக்கு மாப்பிள்ள பாக்குற அலைச்சல் இல்ல. நமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

இனிதான் கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால், நீ மேல்படிப்புக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, மண்டபம் பக்கத்துக் கடற்கரைக்குப் பத்து நாள் போக வேண்டும் என்றாய். உன் அம்மா, தனியாக விடமாட்டேன் என்று என்னைக் காவலுக்கு அனுப்பினாள். புலியைக் காவல் காக்கப் பூனையை அனுப்பியது மாதிரி. அரியலூரில் ரயில் ஏறி, திருச்சியில் மாறி, போய்ச் சேர்ந்தோம். உன் அம்மா தண்ணீரை மட்டும் ஆறு பாட்டில் கொடுத்துவிட்டாள். "அங்கல்லாம் தண்ணி உப்பு கரிக்கும், இதையே குடிங்க" என்றாள். அந்த பாட்டில்களை நான் தோளில் சுமந்துகொண்டு நடந்ததில் என் ஒரு தோள் இன்றைக்கும் மூன்று அங்குலம் தாழ்ந்திருக்கிறது.

காலையில் தண்ணீர் வற்றியதும் நீ இறங்குவாய். நான் கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பேன். நீ ஒரு கல்லை மெதுவாகப் புரட்டி, அடியில் பார்த்துவிட்டு, எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வைப்பாய். "ஏன் பாப்பா, புரட்டினா புரட்டினபடி கிடக்கட்டுமே" என்றேன். "அதுக்குக் கீழதான்ப்பா அதுங்க வூடு. கூரையப் பிச்சிட்டுப் போனா நாம சும்மா இருப்பமா?" என்றாய். ஒருமுறை பாறை இடுக்கில் பன் போல ஒன்று கிடந்ததைப் பார்த்து, அழுகிய கத்திரிக்காய் என்று நினைத்துக் காலால் தள்ளினேன். அதிலிருந்து ஊதா மை பீறிட்டது. கடல்முயல் என்று நீ சொன்னாய், அதுவும் இந்தச் சொந்தம்தான் என்றாய். அன்று என் வேட்டி மட்டுமா ஊதாவானது, இலங்கை வரைக்கும் கடலே ஊதாவாகி, அந்தப் பக்கத்து மீனவர்கள் திருவிழா என்று நினைத்து வெடி போட்டார்கள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆனால் ஒன்று கவனித்தேன். தண்ணீருக்கு வெளியே எடுத்தால் அந்த அழகெல்லாம் போய், மூக்கைச் சிந்திப் போட்டது போலச் சுருண்டுவிடும். கடல்நீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, அடியில் கறுப்புத் துணி விரித்து, ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் மெல்ல மெல்ல விரியும். தலையில் இரண்டு கொம்பு எழும், அதுதான் மூக்கு. முதுகின் பின்பக்கம் பூ மாதிரி ஒன்று மலரும், அதுதான் மூச்சு. கொம்பில் வரி இருக்கிறதா, பூவுக்கு எத்தனை இதழ், ஓரத்தில் என்ன நிறக் கோடு, எந்தக் கடற்பஞ்சைத் தின்றுகொண்டிருந்தது, எல்லாம் பார்த்து எழுதிய பிறகும் நீ பெயர் சொல்லமாட்டாய். "என்ன பாப்பா இது?" என்றால், "தெரியலப்பா. இன்னும் பாக்கணும்" என்பாய். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தெரியல. எனக்குத் தாங்கவில்லை. நானாக இருந்தால் எட்டுப் பெயர் வைத்து எட்டு பாட்டில் மருந்து விற்றிருப்பேன். "தெரியலன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று கேட்டேன். "ஆமாப்பா. அதுக்குத்தான் ரொம்பப் படிக்கணும்" என்றாய். 

ஏழாம் நாள் அது கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு. கதைக்காக நான் எருமைக்கன்று அளவு என்று சொல்லிவந்திருக்கிறேன், ஊரில் கேட்டுப்பார். அரிசி களைந்த தண்ணீர் நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு, முதுகெல்லாம் குங்குமத்தைத் தெளித்தது போல. நீ கல்லைப் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றாய், அலை முழங்காலில் அடிப்பதுகூடத் தெரியாமல். "அப்பா, இத நான் பாத்ததில்ல. படத்துலகூடப் பாத்ததில்ல" என்றாய். உன் குரலில் அன்று ஒரு நடுக்கம் இருந்தது. அதை நான் எதனாலும் பெருக்கவும் இல்லை, வகுக்கவும் இல்லை.

லாட்ஜுக்கு வந்து வராந்தா நிழலில் கிண்ணத்தை வைத்தாய். சின்ன உருவத்தைப் பெரிதாக எடுக்கும் கேமரா உன் தோழியிடம் இருந்தது, அவள் முந்தின நாள்தான் வந்து இரண்டு தெரு தள்ளித் தங்கியிருந்தாள். நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "அப்பா, நான் ஓடிப் போயிட்டு வந்துடறேன். நீங்க எதுவும் செய்ய வேணாம். சும்மா பாத்துக்கிட்டு இருங்க. அது போதும்." போய்விட்டாய். நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க யாராவது ஒரு வாடிய இலையை நீட்டினால் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டியவன் நான். அது கிண்ணத்தின் ஓரத்தில் போய்ச் சுருண்டுகொண்டது. கொம்பு உள்ளே போய்விட்டது, பூ உள்ளே போய்விட்டது. பார்த்தால் பருத்திச்செடி நடுப்பகலில் தலை தொங்குவது போல இருந்தது. கிண்ணத்துத் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. நம் பக்கத்தில் உப்புத்தண்ணீர் பாய்ந்த நிலம் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், வெள்ளை பூத்து, புல்கூட முளைக்காது. ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று என் கடை வாசலில் உட்கார்ந்து அழுத பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தண்ணீரில் எந்த உயிர்தான் தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. அது அங்கேயே பிறந்தது, அதுதான் அதன் தண்ணீர் என்பது எனக்குத் தோன்றவில்லை. அறுபது வயதுக்காரன், மண்ணில் பிறந்தவன், புத்தி அவ்வளவுதான். பக்கத்தில் உன் அம்மா கொடுத்ததில் மிச்சம் வைத்திருந்த கடைசி பாட்டில் இருந்தது, நம் வீட்டுத் தண்ணீர். மூடியைத் திறந்து, அந்த மூடியில் ஊற்றி, ஒரு மூடி, ஒரே ஒரு மூடி நல்ல தண்ணீர் விட்டேன்.

அது விரிந்தது. உடம்பு பருத்தது, பூ வெளியே வந்தது. தாகம் தீர்ந்து மலர்கிறது என்று நினைத்தேன், பாப்பா. சந்தோஷப்பட்டேன். நீ வந்ததும் காட்டிப் பெருமைப்படலாம் என்று எட்டி எட்டித் தெருவைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது பூ அப்படியே நின்றது, உள்ளே போகவில்லை. குங்குமப் புள்ளிகள் கரைந்தது போல, உடம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோழை. குனிந்து ஊதினேன். கிண்ணத்தை லேசாகத் தட்டினேன். மாதாவே என்று ஒருமுறை சொன்னேன். ஒரு சக்கரவர்த்தியால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

நீ கேமராவோடு ஓடிவந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை. குனிந்து பார்த்தாய், முகம் மாறிவிட்டது. "அப்பா, இதுக்கு என்னாச்சு?" என்றாய்.

"தெரியலம்மா. சும்மாதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

ஆயுசில் முதல்முறையாக என் வாயிலிருந்து 'தெரியல' வந்தது. அதுவே பொய்யாக வந்தது.

நீ என்னைக் கோபித்துக்கொண்டிருந்தால் உண்மையைக் கக்கியிருப்பேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாய், வெயில் எங்கே இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தாய். "சூடேறிடுச்சு போல. நான்தான் பாத்து வெச்சிருக்கணும். என் தப்புதான்ப்பா" என்றாய். என் தோளைத் தட்டி, "நீங்க ஏன் இப்படி ஆயிட்டீங்க, விடுங்க" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாய். பிறகு நோட்டை எடுத்து எழுதி, உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சாருக்குப் போனில் படித்துக் காட்டினாய். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். 'எடுத்த இடத்துக் கடல்நீரிலேயே வைத்தும் முக்கால் மணி நேரத்தில் இறந்தது. இனம் தெரியவில்லை. வைத்த முறையில் என் கவனக்குறைவு.' அடுத்த மூன்று நாளும் அதே இடத்தில் அதே கல்லைப் புரட்டிப் புரட்டி வைத்தாய். அடுத்த வருஷம் இரண்டு முறை போனாய். இன்னொன்று கிடைக்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்காதே. எல்லோரிடமும் சொன்னேன். ஒருவரிடம் காக்கா தூக்கிப்போனது என்றேன். இன்னொருவரிடம், உன் அழகைப் பார்த்த மகிழ்ச்சியில் அதற்கு நெஞ்சடைத்துவிட்டது என்றேன். சிரித்தார்கள். போன வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர், "நத்தையா?" என்றார். "ஆமாங்க சாமி, ஓடில்லாதது." "சரி, வேற ஏதாவது?" என்றார். வேறு எதுவும் எனக்கு அன்று நினைவில் இல்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முன்னூறு சொன்னேன், உன் அம்மாவின் கணக்குப்படி முப்பது. பாரம் இறங்கவில்லை. திரும்பவும் போய் நின்றேன். "பொய் சொன்னது என்கிட்ட இல்லையேப்பா. உங்க பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

அப்படியும் ஒரு வருஷம் ஓட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அம்மாவும் கொல்லையில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தமானில் இரண்டு வேலையில் எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார்களாம், சேருகிற அன்று சொல்ல வேண்டுமாம். ஒன்று, கரையில் இறங்கி எடுத்து, உயிரோடு கிண்ணத்தில் வைத்துப் பார்த்து எழுதுவது. மற்றது, ஆபீஸில் உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த படங்களுக்குப் பெயர்ப்பட்டியல் போடுவது. நீ சொன்னாய், "ஆபீஸ்தாம்மா கேக்கப் போறேன். உயிரோட எதையும் இனி கிண்ணத்துல வெக்க மாட்டேன். என் கைக்கு அது ஆகாது." நான் கதவுக்கு இந்தப் பக்கம் கையில் சொம்போடு நின்றேன். உன் கைக்கு என்ன குறை. அது கல்லைத் திருப்பி வைக்கிற கை. ஆகாத கை எது என்று எனக்குத் தெரியும், அதில் சொம்பு இருந்தது. உள்ளே வந்து சொல்லியிருக்கலாம். கால் வாசல் பக்கம் போனது.

அப்பாமார்கள் இப்படிக் கடிதம் எழுதினால் புத்தி சொல்வார்கள். நானும் பெரிதாக ஏதாவது சொல்ல யோசித்தேன். கடலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று செந்துறைக்காரன் சொல்ல என்ன இருக்கிறது? அங்கே உனக்குக் காய்ச்சல் வந்தால் நான் என்ன செய்ய முடியும், அலை பெரிதாக வந்தால் என்ன செய்ய முடியும்? பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைப்பேன். கண்டக்டரிடம், இந்தப் பெண் போகிற கப்பலுக்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பேன். நீ ஜன்னலிலிருந்து, "அப்பா, நீங்க எதுவும் செய்ய வேணாம், வூட்டுக்குப் போங்க" என்பாய். இந்த முறை அப்படியே செய்கிறேன். எதையும் திறக்கமாட்டேன், எதையும் ஊற்றமாட்டேன். பஸ் ஆத்தூர் ரோட்டைக் கடந்து மறைகிற வரைக்கும் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்குத்தான் இந்த மூன்று வருஷமாகப் பழகி வருகிறேன், இன்னும் சரியாக வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் வரப்பில் ஓடு இருந்தவை கல்லாகவாவது கிடக்கின்றன. அந்தக் குங்குமப் புள்ளிக்காரிக்கு அதுவும் கிடையாது. அவளைப் பற்றி இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது உன் நோட்டில் இருக்கிற மூன்று வரி. அந்த மூன்றில் இரண்டு என்னால் பொய்யாகிவிட்டது. 'இனம் தெரியவில்லை' என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்துவிடு. அடித்துவிட்டு, எந்த வேலை வேண்டும் என்று அதன் பிறகு சொல். கோபம் வந்தால் வரட்டும். போனை எடுக்கவில்லை என்றாலும் நான் மணி அடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்போது உன் அம்மாவின் சட்டப்படி இந்தக் கடிதத்தை வகுத்துக்கொள். என் தோள் தாழவில்லை. இலங்கையில் யாரும் வெடி போடவில்லை. நாற்பது தலைமுறை எல்லாம் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது மூன்றுதான். ஆனால் ஒரு சின்ன இடத்தில் மட்டும் வகுத்துவிடாதே, பாப்பா. ஒரு மூடி என்று எழுதியிருக்கிறேனே, அங்கே. எல்லாவற்றையும் பெருக்கியே சொன்னவன் ஆயுசில் குறைத்துச் சொன்னது அது ஒன்றுதான். இந்த வரிவரைக்கும் அதைத் திருத்தக் கை வரவில்லை. ஒரு மூடியோடு நான் நிறுத்தவில்லை. அது விரிவதைப் பார்த்துவிட்டு, நன்றாகக் குடிக்கட்டும் என்று, அரை பாட்டில் ஊற்றினேன். அது நிஜம்.